காணாமல் போன நாலு மீட்டர் சேறு

மார்ச் 3, திங்கள்

காலை 10.40க்கு உறுதியானது: பெரிய ஏரியின் அடித்தளம் மனிதர் வெட்டியது. வயது தொள்ளாயிரம் ஆண்டு; முன்னே பின்னே நாற்பது இருக்கலாம். ஆதாரம், ஏரியின் நடுவில் குழாய் இறக்கி அடி வரைக்கும் சேற்றை எடுத்த மண்ணியல் பேராசிரியை. முதலில் தொலைபேசியில் சொன்னார். பன்னிரண்டரைக்கு அறிக்கையின் நகல் கைக்கு வந்தது. முப்பத்தொரு பக்கம்.

வேறு யாருடைய ஏரியாகவோ இருந்தால் மேசையைத் தட்டிக் கொண்டாடியிருப்பேன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஞாயிறு மலரில் ‘மனிதன் கைபடாத ஏரி’ என்று அரைப்பக்கம் எழுதியவள் நான். இப்போது ஒரு நிறுவனம் அதை மூடிச் சரக்குக் கிடங்கு கட்டப் பார்க்கிறது. தடுக்கச் சொல்லிக் கரையோர மக்கள் சங்கம் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது. சட்டம் சுருக்கமானது: இயற்கையான நீர்நிலையை மூடக் கூடாது, மனிதர் தோண்டிய பள்ளத்தை மூடலாம். ஒரு விலக்கு உண்டு. பொதுமக்களுக்காக வெட்டி, பொதுமக்களுக்காகப் பராமரித்து வந்தது என்று நிரூபித்தால் மூடக் கூடாது. தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் வெட்டியவனிடம் போய் ரசீதா கேட்பது?

1,140 வீட்டுக் கிணறுகள் அந்த ஏரியால்தான் ஊறுகின்றன. மனுவின் நான்காவது ஆவணம் என் அரைப்பக்கம். சங்கத் தலைவி என் நாத்தனார்.

மார்ச் 4, செவ்வாய்

நாள் முழுக்க ஆவணக் காப்பகத்தில் இருந்தேன். ‘இயற்கை ஏரி’ என்பதற்கு மனுவில் இன்னும் மூன்று சான்றுகள் உண்டு: நகராட்சியின் அறிவிப்புப் பலகை, ஒரு கல்லூரிப் பாடநூல், நில அளவைத் துறையின் குறிப்பு. மூன்றின் மூலத்தையும் தேடினேன். பலகைக்கு மூலம் பாடநூல். பாடநூலுக்கு மூலம் துறையின் குறிப்பு. குறிப்பின் அடியில் பொடி எழுத்தில் என் பெயரும் ஞாயிறு மலரின் தேதியும்.

நாலு சாட்சி, ஒரே வாய். என் வாய்.

பழைய குறிப்பேட்டையும் எடுத்துப் பார்த்தேன். பூங்காத் துறை அதிகாரி அன்று சொன்னது என் கையெழுத்திலேயே இருக்கிறது: “எனக்குத் தெரியலைங்க, இயற்கைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க.” இதில் முதல் இரண்டு சொல்லும் கடைசி இரண்டு சொல்லும் அச்சுக்குப் போகவில்லை. இரண்டு ஆதாரம் இல்லாமல் எழுதாதே என்று எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்!

மார்ச் 5, புதன்

பள்ளி வேனைப் பிள்ளைகளோடு வாசலில் நிறுத்திவிட்டு நாத்தனார் உள்ளே வந்தாள். வண்டி ஓட்டி ஓட்டி அவளுக்குக் குரலே ஹாரன் மாதிரி ஆகிவிட்டது.

“பதினாலாம் தேதி விசாரணை. ஒன்பது நாள் பொறுத்தா குடியா முழுகிடும், அண்ணி?”

“தெரிஞ்ச பிறகு ஒரு நாள் வெச்சிருந்தாலும் அது பொய்தான்மா.”

“இருபத்திரண்டு வருஷம் வெச்சிருந்தீங்களே, அது?”

வேனுக்குள் பிள்ளைகள் கத்தத் தொடங்கியதும் போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சாயங்காலம் பத்திரிகை ஆசிரியர் அறையில். “திருத்தம்தானே மேடம், நாலாம் பக்கம் சினிமா விளம்பரத்துக்குக் கீழ மூணு வரி போட்டுடலாம்.”

“தப்பு அரைப்பக்கத்துக்கு வந்துச்சு தம்பி. திருத்தம் மூணு வரியா?”

மார்ச் 6, வியாழன்

திருத்தம் வெளியாகிவிட்டது. முதல் பக்கம், கீழ்ப்பாதி, என் பெயரோடு.

மார்ச் 7, வெள்ளி

கிடங்கு நிறுவனத்தின் வக்கீல் போன் செய்து நன்றி சொன்னார். நன்றி! பதினாலாம் தேதி என் திருத்தத்தைத்தான் முதல் ஆவணமாக வைப்பாராம். “உங்களை மாதிரி நேர்மையானவங்க அபூர்வம் மேடம்.”

நாத்தனார் என் நம்பரைப் பார்த்தாலே துண்டித்துவிடுகிறாள். எனக்கு வரவேண்டிய திட்டெல்லாம் அவள் அண்ணனுக்குப் போகிறது. சாப்பிடும்போது இவர் சொன்னார்: “ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால ஆகாது. நான் பேசாம அந்த ஏரிக்குள்ளயே போய் உக்காந்துக்கறேன். மூடறப்ப சொல்லி அனுப்புங்க.”

சரியாகத்தானே செய்தேன்? சரியாகச் செய்தால் ஏன் இப்படி வலிக்கிறது?

மார்ச் 9, ஞாயிறு

தூங்க முடியாமல் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்துதான் உட்கார்ந்தேன். ஒரு தப்பு அச்சேறிவிட்டால் மற்ற எண்களையும் ஒரு முறை போட்டுப் பார்ப்பது என் வழக்கம். அறிக்கையை முதலிலிருந்து கணக்குப் போட்டேன்.

அணுகுண்டுச் சோதனைகள் நடந்த காலத்துத் துகள் உலகம் முழுக்கப் படிந்திருக்கிறது. இந்தச் சேற்றில் அது 62 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அறுபது சொச்சம் வருடத்தில் 62 சென்டிமீட்டர். வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் தொள்ளாயிரம் வருடத்துக்கு ஒன்பது மீட்டர் சேறு இருக்க வேண்டும். ஆனால் குழாயில் வந்தது மொத்தமே 4 மீட்டர் 70.

மிச்சம் எங்கே?

ஞாயிறு என்று பார்க்காமல் பேராசிரியையைக் கூப்பிட்டேன். சிரித்தார். “பதினேழாம் பக்கம், கடைசி அட்டவணை. இதை யாராவது கேப்பாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேங்க. அறிக்கைய வாங்கினவங்க எல்லாம் முதல் பக்கத்தோட நிறுத்திட்டாங்க.”

நானும்தான். நாளை ஆய்வகம்.

மார்ச் 10, திங்கள்

நீளமான மேசை. குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் துண்டு துண்டாக வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள். சாக்கடை மூடியைத் திறந்த நாற்றம். “மூணு நாள்ல பழகிடும், அப்புறம் வீட்டுலதான் உங்களைச் சேத்துக்க மாட்டாங்க,” என்றார் பேராசிரியை.

கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாகக் காட்டினார். அடியில் வெட்டுத் தடம் பதிந்த களிமண். அதன் மேல் கரி: சுற்றிலும் இருந்த காட்டை எரித்து வயலாக்கியிருக்கிறார்கள். அதற்கு மேல் பயிர்களின் மகரந்தம். பிறகு திடீரென்று இந்தப் பக்கமே இல்லாத ஒரு செடியின் மகரந்தம், கடல் தாண்டி யாரோ மூட்டையில் கொண்டு வந்தது. மேலே வர வர நிலக்கரிப் புகையின் கறுப்புத் துகள், அப்புறம் பெட்ரோலிலிருந்து வந்த ஈயம், அணுகுண்டுத் துகள், கடைசியாகப் பொடிப்பொடியாகப் பிளாஸ்டிக். எங்கோ முகம் தெரியாதவர்கள் எரித்ததும் விதைத்ததும் வெடித்ததும் எல்லாம் எங்கள் ஏரியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் நான் மனிதன் கைபடாதது என்று எழுதினேன்.

“இப்ப இதைப் பாருங்க.” சேற்றில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் நூற்றிருபது வருட வித்தியாசம். நடுவில் இருக்க வேண்டிய சேறு இல்லவே இல்லை. அப்படி நான்கு கோடுகள்.

“வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிருந்தா?”

“வெள்ளம்னா மணல் விட்டுட்டுப் போகும். இங்க மணல் இல்ல. மண்வெட்டித் தடம் இருக்கு. நாலு தரமும் இதே கதை.”

“அப்படின்னா...”

“தூர்வாரியிருக்காங்க. தலைமுறை தலைமுறையா, முன்னால செஞ்சவன் யாருன்னே தெரியாம, திரும்பத் திரும்ப இறங்கி அள்ளிப் போட்டிருக்காங்க. இல்லாத சேறுதாங்க சாட்சி.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இரண்டாவது ஆதாரம் வேண்டாமா? மாநில ஆய்வகத்தில் இதே குழாயின் மறுபாதி இருக்கிறது. அங்கே பேசினேன், தனியாக எண்ணியிருக்கிறார்கள். அவர்கள் கணக்கிலும் நான்கு. இந்த முறை அவர்கள் யாரும் என்னைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை.

நாத்தனாருக்குச் செய்தி அனுப்பினேன்: “கோபம் அப்படியே இருக்கட்டும். பதினேழாம் பக்கத்தை மட்டும் உங்க வக்கீல்கிட்ட காட்டு.”

மார்ச் 11, செவ்வாய்

நான்கு கோடுகளைப் பற்றிய என் கட்டுரை வந்தது. அரைப்பக்கம். நாத்தனாரிடமிருந்து ஒரே சொல்: “பாத்தேன்.”

மார்ச் 14, வெள்ளி

தீர்ப்பாயம். நிருபர்கள் வரிசையில் மூன்றாவது நாற்காலி.

நிறுவன வக்கீல் என் திருத்தத்தை உயர்த்திப் பிடித்தார். “இயற்கை ஏரின்னு எழுதினவங்களே இல்லைன்னு ஒத்துக்கிட்டாங்க. செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம் ஐயா இது. தண்ணி தேங்கிடுச்சு, அவ்வளவுதான்.” எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நிமிராமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பேராசிரியை நாற்பது நிமிடம் பேசினார். கோடு கோடாக, எண் எண்ணாக. வக்கீல் எழுந்து மறுபடி “பள்ளம்” என்று ஆரம்பித்ததுதான் தாமதம், கடைசி வரிசையிலிருந்து அந்த ஹாரன் குரல்:

“பள்ளத்தை எவனாவது நாலு தரம் தூர்வாருவானா ஐயா? குடிக்கிற தண்ணியத்தானே தூர்வாருவான்!”

கூடம் சிரிப்பில் வெடித்தது. மனுவில் அவள் தொழிலைப் படித்திருந்த தீர்ப்பாயத் தலைவர் மேசையைத் தட்டினார். “உக்காருங்கம்மா. இது உங்க வேன் இல்ல.” சொல்லிவிட்டுக் குனிந்து எதையோ எழுதினார். நான் நேரம் குறித்துக்கொண்டேன்: 12.17.

மார்ச் 19, புதன்

காலை 11.05. மூன்று உறுப்பினர்களும் ஒருமித்து: பெரிய ஏரி மனிதரால் உண்டாக்கப்பட்டது, பொதுமக்களுக்காக வெட்டிப் பொதுமக்களால் காக்கப்பட்டது, மூடக் கூடாது. நிறுவனத்தின் அனுமதி ரத்து. ஆதாரம்: திறந்த மன்றத்தில் தலைவர் வாசித்தது, என் இரண்டு காதாலும் கேட்டது.

ஜெயித்துவிட்டோம். ‘விட்டோம்’ என்று ஒரு நிருபர் எழுதக் கூடாது. நாட்குறிப்பில் எழுதலாம்.

வெளியே படிக்கட்டில் நாத்தனாரும் நானும் எதிரெதிரே வந்துவிட்டோம். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “இயற்கைன்னே விட்டிருந்தா அந்த வக்கீல் நாலு கேள்வியில மனுவையே கவுத்திருப்பானாம். எங்க வக்கீல் சொன்னாரு.”

“சரி.”

“சரின்னா? ஒரு தடவை பெருமையா சிரிங்களேன் அண்ணி, யாரும் வரி போட மாட்டாங்க!”

சிரித்தேன். கட்டிக்கொண்டாள். அவள் தோளில் டீசல் வாசனை.

மார்ச் 20, வியாழன்

காலையில் ஏரிக்கரைக்குப் போனோம். இவரும் வந்தார், உள்ளே உட்காரும் வேலை இனி இல்லை என்கிற நிம்மதியில். நகராட்சி ஆள் ஒருவர் பலகையில் ‘இயற்கை’ என்ற சொல்லின் மேல் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லையாம். என்னிடம் கேட்டார். இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சங்கம் ஏரியைத் தூர்வாரப் போகிறது. அடுக்குகள் கலைந்துவிடுமே என்று பேராசிரியையிடம் கேட்டேன். “கலையட்டும். அஞ்சாவது கோட்டை நீங்க போடுங்க. எனக்கப்புறம் வர்றவங்க படிச்சுக்குவாங்க,” என்றார்.

நிலுவையில் இருப்பவை: எழுத்துபூர்வமான உத்தரவு, ஏப்ரல் 9. நிறுவனம் மேல்முறையீடு செய்யக் கடைசி நாள், மே 9. செய்யுமா என்று அவர்கள் வக்கீல் சொல்லவில்லை, இன்று என் போனையும் எடுக்கவில்லை. தூர்வாரும் பணி ஏப்ரல் 16, காலை ஆறரை. ஆள் பட்டியலை நாத்தனார் அனுப்பியிருக்கிறாள். பதினொன்றாவது பெயர் என்னுடையது. எதிரே எழுதியிருக்கிறாள்: பேனா வேண்டாம், மண்வெட்டி.