ஓட்டல் சுவரில் என் அம்மா

என் வாயாடி அம்மாவுக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். நலமா என்றெல்லாம் கேட்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த ஓட்டல் மேசையையே கவிழ்த்திருப்பாய். உன் செல்லப் பிள்ளை செய்த காரியத்தைக் கேள்.

நம் குமாருக்குப் பெண் அமைந்திருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்து ஆபீசில் கூட வேலை பார்க்கிறவள். பெயர் நிவேதா, வீடு வில்லிவாக்கம். இருவரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள், பெரியவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பேசுவதுதான் பாக்கி. நைனா எப்போதோ போய்விட்டார், இப்போது நீயும் இல்லை. அக்கா நான்தானே போக வேண்டும்? நம் ஊர் தோணிரேவுக்கே வந்து வீட்டைப் பார்க்கட்டுமே என்றேன். "வேணாங்க்கா, சிட்டில ஒரு ஓட்டல்ல சாப்ட்டுகினே பேசலாம்னு சொல்ட்டாங்க" என்றான். அவர்கள் சொன்னார்களா, இவனே சொன்னானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

பொன்னேரியில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, எதனா கேட்டா, அம்மா எறா கம்பெனில சூப்பர்வைசரா இருந்தாங்கன்னு சொல்லு."

"யாரு? நம்ம அம்மாவா?"

"ஆமா. நீ டைலரிங் பண்றேன்னு சொல்லிக்கீறேன்."

"இன்னும் இன்னா இன்னாடா சொல்லி வச்சிக்கீற?"

"கம்முனு வாக்கா. இது என் வாழ்க்கை."

வாழ்க்கை என்றானா, அடங்கிப் போனேன். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து நீ சத்தியம் வாங்கினாயே, தம்பியைக் கைவிட்டுவிடாதே, குடியும் குடித்தனமுமாகப் பார்த்துவிடு என்று.

அந்த ஓட்டலை நீ பார்த்திருக்க வேண்டும். உள்ளே போனதும் ஏசி எலும்பைத் தொட்டது. மெனு கார்டு முறம் அளவுக்கு இருந்தது. இத்தாலி, மெக்சிகோ, தாய்லாந்து, ஜப்பான் என்று உலகத்து ஊரெல்லாம் அதில் இருந்தன, சோற்றைத்தான் தேட வேண்டியிருந்தது. நிவேதாவின் அப்பா எல்லோருக்குமாக அவரே சொல்லிவிட்டார். பாஸ்தா வந்தது, நாச்சோஸ் வந்தது. அப்புறம் 'புலிக்காட் இறால் டாக்கோ' என்று ஒன்று வந்தது. மடித்த அப்பளம் மாதிரி ஒன்றுக்குள் நம் ஏரி இறால். தலையைக் காணோம்!

"தல எங்கப்பா?" என்று பரிமாறியவரைக் கேட்டேன்.

"தலை போட மாட்டோம் மேடம்."

தலையைக் கிள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு இறால் ருசியைப் பற்றி மெனுவில் நாலு வரி எழுதியிருக்கிறார்கள். என்ன வயிற்றெரிச்சல்! குமார் மேசைக்கடியில் என் காலை மிதித்தான்.

நிவேதாவின் அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா கையெல்லாம் இப்படி வெடிச்சிருக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னே உன் பிள்ளை முந்திக்கொண்டான். "சோப்பு ஒத்துக்காது ஆன்ட்டி."

அடப்பாவி! இந்தக் கை சேற்றைத் துழாவிப் பிடித்த இறாலில்தானே அவன் காலேஜ் படித்தான்?

அப்போதுதான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். ஆள் உயரப் படம். அதில் நீ.

மார்பளவு தண்ணீரில் நிற்கிறாய். பல்லில் ஓலைப்பறியைக் கவ்வியிருக்கிறாய். படம் பிடிக்கிறவனை எரித்துவிடுகிற மாதிரி ஒரு பார்வை. ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிகிறதே, அது என்னுடையது. கேமராவோடு ஒருவன் படகில் வந்து நம்மைச் சுற்றிச் சுற்றி எடுத்தானே, அந்த நாள்தான். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டானா?

நிவேதாவின் அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த அம்மாவோட கண்ணைப் பாருங்க! என்னா தேஜஸ்!" என்றார். கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததை நிவேதா படித்துச் சொன்னாள். "ஏரியின் மௌனம்னு போட்டிருக்கு."

மௌனமா? நீயா? நீ கரையில் நின்று சண்டை போட்டால் லைட்ஹவுஸ் குப்பம் வரைக்கும் கேட்கும். இரண்டு கையும் சேற்றில் இறால் தேடும்போது, பிடித்ததைப் போடுகிற பறியை வாயில்தானே கவ்வ வேண்டும்? பேச வாயைத் திறந்தால் பறி தண்ணீரோடு போய்விடாதா? அன்றைக்கு நீ கரையேறிப் பறியை இறக்கிவிட்டு அந்தக் கேமராக்காரனைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதினால் காகிதமே பற்றிக்கொள்ளும்.

தண்ணீருக்குள்ளும் நீ என்ன சும்மாவா இருந்தாய்? மூக்கால் முனகுவாய். இரண்டு நீட்டு, ஒரு வெட்டு. ம்ம்ம், ம்ம்ம், ம். அதைக் கேட்டால் நாங்கள் எங்கே இருந்தாலும் உடனே 'ம்' என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் பிள்ளை பள்ளத்தில் இறங்கிவிட்டது, இல்லை திருக்கை கொட்டிவிட்டது என்று அர்த்தம். சோம்பலில் பதில் தராதவனுக்குக் கரையேறியதும் முதுகில் விழும். குமாருக்குத்தான் அதிகம் விழுந்தது. அப்புறம் தூக்கத்தில்கூடப் பதில் கொடுப்பான். அதற்குப் பெயர் மௌனமாம்.

"உங்க ஊர்ப் பக்கம்தானே தம்பி? இவங்கள உங்களுக்குத் தெரியுமா?" என்று நிவேதாவின் அப்பா கேட்டார்.

குமார் படத்தைப் பார்த்தான். நான் அவனையே பார்த்தேன்.

"தெரியாது அங்கிள். எங்க பக்கம் இந்த மாதிரி நெறைய பேர் இருப்பாங்க" என்றான். சொல்லிவிட்டு முள்கரண்டியை எடுத்துக்கொண்டான்.

பெற்ற தாயை, அம்மா! என் உடம்பு பற்றி எரிந்தது. இழுத்து ஓர் அறை விட்டிருப்பேன். ஆனால் நான் ஒரு வார்த்தை பேசினால் இந்தக் கல்யாணம் போச்சு, உனக்குச் செய்த சத்தியமும் போச்சு. அதனால் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, உன் படத்தைப் பார்த்து, மூக்கால் முனகினேன். இரண்டு நீட்டு, ஒரு வெட்டு.

"ம்!"

குமார்தான். கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. நிமிர்ந்தவன் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த உன்னைப் பார்த்தான்.

"என்ன குமார்?" என்றாள் நிவேதா.

"இல்ல... அம்மா கூப்ட்டாங்க" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முகம் வெளிறிப் போனது. அப்புறம் மெதுவாக, "அது எங்க அம்மா" என்றான்.

நிவேதாவின் அம்மா மடியில் விரித்த துணியை எடுத்து மடித்து வைத்தார். கண்ணையும் தேஜஸையும் புகழ்ந்தாரே அவள் அப்பா, அந்த மனுஷர் அதற்குப் பிறகு அந்தச் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. படத்தில் இருந்தால் தேஜஸ், சம்பந்தி என்றால் கசக்குதா? நிவேதா மட்டும் எழுந்து போய்ப் படத்தின் முன்னால் நின்றாள். திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்.

"ஓரத்துல இருக்கற கை யாருதுங்க?"

"என்னுதும்மா."

அவள் குமாரைப் பார்த்தாள். "சோப்பா, குமார்?" என்றாள்.

'பேசிட்டுச் சொல்றோம்' என்றார்கள். இன்றைக்கு வரை ஒரு தகவலும் இல்லை. கிளம்பும்போது மேனேஜரைக் கூப்பிட்டு, அந்த மௌனத்தை அழித்துவிட்டு 'தோணிரேவு கன்னியம்மா' என்று உன் பெயரை எழுதச் சொன்னேன். ஓனரிடம் சொல்வதாகச் சொன்னார். சொல்வார் என்று நீ நம்புகிறாயா? நான் நம்பவில்லை. மறுபடி போவேன்.

ரயிலில் குமார் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "இப்ப உனக்கு சந்தோசமாக்கா?" இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. அவன் மேல் மட்டும் இல்லை, உன் மேலும்தான். "இனிமே தண்ணில காலு வெக்காதடா, நாங்க பட்ற பாடு உனுக்கு வேணாம்" என்று அவனைக் கரையேற்றியவள் நீதானே? ஏரியும் சேறும் அசிங்கம் என்று அவனுக்கு முதலில் சொன்னது யார்? அந்தச் சேற்றோடு உன்னையும் சேர்த்துத்தானே அவன் தெரியாது என்று சொன்னான்? பதில் சொல்லேன்.

அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. நான் போட்ட சோற்றைத் தொடுவதில்லை. இன்று காலை வேலைக்குக் கிளம்பி வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே இருந்து முனகிப் பார்த்தேன். சத்தமே இல்லை. மறுபடி முனகினேன். கொஞ்சம் பொறுத்து வாசலில் இருந்து வந்தது, எரிச்சலாக, மூக்கால். "ம்." உடனே வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்தப் பெண் வருவாளோ மாட்டாளோ, எனக்குத் தெரியாது. உனக்குச் செய்த சத்தியத்தில் பாதி என் கையில் இல்லை. மீதிப் பாதிக்கு இப்போது வாக்குக் கொடுக்கிறேன். அவன் பேசினாலும் பேசாவிட்டாலும் தினமும் கூப்பிடுவேன், பதில் வருகிறவரை விடமாட்டேன். ஒருநாள் வராமல் போனால், எந்தத் தண்ணீரில் இருந்தாலும் இறங்கித் தேடுவேன்.

படத்தின் ஓரத்தில் நிற்கும்,
உன் மூத்த மகள் செல்வி