மடுவுக்குப் போன பங்கு

ஓகஸ்ட் 5
ஆய்வு முறையியல் வகுப்பில் இணைய நூலகத்தைத் திறந்து காட்டினேன். "கொஞ்சமாத் தேடுங்கோ, எடுத்ததை வாசியுங்கோ" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எழுதிக்கொண்டிருந்தது றொஷேல் மட்டும்தான். பேசாலை மீனவ வீட்டுப் பிள்ளை. கரையில் நின்று பலர் சேர்ந்து கயிறு பிடித்து இழுக்கும் கரைவலையில் பங்கு பிரிக்கும் முறைதான் அவள் தலைப்பு. இருபத்திரண்டாம் திகதிக்குள் முன்மொழிவு தராவிட்டால் ஒரு வருடம் போய்விடும் என்று எல்லோரையும் வெருட்டியும் வைத்தேன்.

ஓகஸ்ட் 6
தாராபுரத்திலிருந்து கம்பஸ் வரை நின்றுகொண்டே பயணம். பஸ் நிறைய மடு மாதா கோயில் திருவிழாவுக்குத் தங்கப் போகும் சனமும் பாயும் சட்டி பானையும்.

ஓகஸ்ட் 8
யா அல்லாஹ், என்ன பிள்ளை இவள்!

நூலகத்துக் கிருஷாந்தன் கூப்பிட்டார். றொஷேல் ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை இறக்கியிருக்கிறாள். வெளியீட்டாளர்கள் சந்தேகப்பட்டு கம்பஸ் முழுவதையும் மறித்துவிட்டார்கள். மற்றவர்களுக்குத் திறந்தாயிற்று. அவளுக்கு மட்டும் தவணை முடியும்வரை தடை. இறக்கியதெல்லாம் அழிக்கவும் வேண்டும்.

அவளைக் கூப்பிட்டு நல்லா ஏசினேன்.

"மடுவில கூடாரத்தில இருப்பம் மிஸ். அங்க சிக்னல் இல்லை. அதான் எல்லாருக்கும் சேத்து இழுத்தனான்."

"எல்லாருக்குமா?"

"ஓம் மிஸ். வகுப்பு முழுக்கக் குடுத்திட்டன். பங்குதானே."

வலையில் வந்ததையெல்லாம் கரைக்கு ஏற்றிவிட்டுப் பிறகு தெரிந்தெடுக்கிற வீட்டுப் பிள்ளை. வேறு எப்படித் தேடுவாள்? சிரிப்பு வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளோ அழுதுகொண்டு நின்றாள்.

ஓகஸ்ட் 11
என் நூலகப் பாஸ்வேட்டை அவளுக்குக் கொடுத்துவிடலாமா? கை போனுக்குப் போய்ப் போய் வருகிறது. கொடுத்தால் என் தற்காலிக வேலையும் போகும், படிப்பித்த பாடமும் போகும். கொடுக்க மாட்டேன் — ஆனா மனசு கேக்குதில்லையே! அந்தப் பிள்ளை ஒரு வருசம் நிண்டால் நான் என்ன மிஸ்?

உம்மா நான் தொடாத சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு, "ஆரு பெத்த பிள்ளைக்கு நீ பட்டினி கிடக்காய்?" என்று கேட்டார்.

ஓகஸ்ட் 12
வகுப்புக்குப் புதுப் பயிற்சி கொடுத்தேன். தன் தலைப்புக்கு இல்லை, வகுப்பில் இன்னொருவரின் தலைப்புக்கு ஒரே ஒரு கட்டுரை தேட வேண்டும். வாசித்து, அது அவருக்கு ஏன் தேவை என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். யாருக்கு என்பது அவரவர் விருப்பம். றொஷேலின் பெயரை நான் எடுக்கவே இல்லை. அவள் மடுவில்.

ஓகஸ்ட் 14
அத்தனை பேரும் கரைவலை! ஒருவர்கூட வேறு தலைப்புக்குத் தேடவில்லை.

"என்ன இது?" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

றொசாந்தன் எழும்பினான். "கரைவலையில, சுகமில்லாமல் வராத ஆளுக்கும் வீட்டுக்குப் பங்கு போகுமாம் மிஸ். றொஷேல் சொன்னவள்."

வெளியே வந்து விறாந்தையில் நின்று அழுதேன். பின்னேர பஸ்ஸில் அவனே எல்லோரும் எழுதிய பக்கங்களையும் மடுவுக்குக் கொண்டுபோனான்.

ஓகஸ்ட் 18
றொஷேல் வந்துவிட்டாள். கூட்டாளிகள் எழுதிய சுருக்கத்தை மட்டும் நம்பி எழுதாதே என்றேன். நூலகத்தில் அவர்களுக்கு அருகில் கதிரையைப் போட்டு, அவர்கள் திறக்கும் கட்டுரைகளை அவளும் வாசிக்கலாமா என்று கிருஷாந்தனிடம் முதலே கேட்டிருந்தேன். தாராளமாகவாம்.

ஓகஸ்ட் 22
முன்மொழிவைக் கொடுத்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

செப்டம்பர் 9
முன்மொழிவை ஏற்றுக்கொண்டார்கள். "தேவையானதை மட்டும் வாசித்திருக்கிறார்" என்று குறிப்பு வேறு!

மாலை மன்னார் பஸ் நிலையத்தில் அவளுடைய தாய் திரேசம்மா ஒரு பார்சலோடு நின்றார். பாரைக் கருவாடு.

"எனக்கு ஏன் அக்கா? நான் ஒண்டும் குடுக்கேல்லையே."

"கயிறு பிடிச்ச எல்லாருக்கும் பங்கு இருக்கு மிஸ். பிடியுங்கோ."

வாங்கிக்கொண்டேன். உம்மா பொரித்தார். இன்று ஒரு கோப்பை சோறு கூடவே சாப்பிட்டேன்.