ரப்பர் பிளேனுக்கு ரிமோட் வைத்தது

புத்தூர்
12-3-2025

அன்பு மகள் நந்திதாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் நைனாவும் சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த நெதர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது, உட்கார்ந்து முழுக்கப் படி. உன் நைனா இன்னமும் ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸைத்தான் ஓட்டுகிறார், சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை. நமது கொல்லை மாமரம் இந்த வருஷம் இலை தெரியாமல் பூத்திருக்கிறது. எனக்கு வைத்தியசாலையில் எப்போதும்போல வேலை, கை உடைந்தவர்களும் கால் பிசகியவர்களும் வந்தபடி இருக்கிறார்கள், பெண்களுக்குக் கட்டுக் கட்டுவது நான்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்குப் பரண் சுத்தம் பண்ணும்போது நீ காலேஜில் படித்தபோது வாங்கிய பிளேன் பெட்டி கிடைத்தது என்று சொன்னேன் இல்லையா. பால்சா மரத்துண்டுகள், மெல்லிய காகிதம், முறுக்கிவிட்டால் மூக்கு விசிறியைச் சுழற்றுகிற ஒரு ரப்பர் சுருள், வரைபடம், ஒன்றையுமே நீ பிரித்திருக்கவில்லை. இதை நானே ஒட்டி, ரப்பரை எடுத்துவிட்டு, மோட்டாரும் ரிமோட்டும் வைத்துப் பறக்கவிடப் போகிறேன் என்றதும் நீ சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அது மட்டும் பறந்துச்சுன்னா அடுத்த மாசமே டிக்கெட் போட்டுக்கினு வரேம்மா என்றாய். நீ விளையாட்டுக்குச் சொன்னாய். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நீ வந்து நாலு வருஷம் ஆகிறது. நீயும் சுதீரும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. லீவு இல்லை, விசா புதுப்பிக்க வேண்டும், வீடு மாற வேண்டும் என்று நீ சொன்ன காரணங்களில் ஒன்றைக்கூட நான் நம்பவில்லை. தெருமுனையில் நிற்கவைத்து ஏன் பிரிந்தாய் என்று கேட்பார்களே, உன் நைனா முகத்தைத் திருப்பிக்கொள்வாரே, அதுதான் உன் பயம். அவர் உன்னோடு முகம்கொடுத்துப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது என்பது எனக்கு மறந்துபோகுமா. அதனால்தான் நீ வாய்தவறி விட்ட அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வரைபடத்தைப் பலகையில் விரித்து, குண்டூசி குத்தி, ஒவ்வொரு குச்சியாக ஒட்டினேன். இறக்கை மூன்றடி. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நேரம் கிடைக்கும் என்பதால் பொங்கல் வரைக்கும் இழுத்தது. மோட்டார், பேட்டரி, ரிமோட், வாலை ஆட்டுவதற்குச் சுண்டுவிரல் அளவில் சர்வோ என்கிற இரண்டு குட்டி மோட்டார், எல்லாம் வாங்கத் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். இன்ஜினியரிங் பிள்ளைகள் டிரோன் சாமான் வாங்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரன் என்னைப் பார்த்துவிட்டுப் பேரனுக்கா அம்மா என்று தெலுங்கில் கேட்டான். நாக்கே என்றேன். எனக்குத்தான் என்று சொன்ன பிறகு நாற்காலி போட்டு உட்காரவைத்து, மரியாதையாக எல்லாவற்றையும் விளக்கினான். ரப்பரில் பறக்கிற பிளேனுக்குத் தன்பாட்டில் போகத்தான் தெரியும், திரும்பு என்றால் திரும்பாது, அதனால் வாலில் நிற்கிற பலகையையும் படுத்திருக்கிற பலகையையும் பாதி அறுத்து, கதவு மாதிரி ஆடவைத்து, கம்பி கோத்து சர்வோவோடு சேர்க்க வேண்டும் என்றான். நீ ஆசையாக வாங்கிய சாமானில் பிளேடு வைக்க மனசு வரவில்லைதான், ஆனாலும் வைத்தேன். ஒயர் பற்றவைத்தது நம் பஸ் ஸ்டாண்டு செல்போன் கடை சம்பத். வேறு எதையும் அவரைத் தொடவிடவில்லை.

இனி சொல்லப்போவதைக் கேட்டு நீ சிரித்தாலும் பரவாயில்லை. பிப்ரவரியில் சிட்டிபாபு சித்தப்பாவின் அறுவடை முடிந்த வயலில் முதல் தடவை விட்டோம். எழும்பக்கூட இல்லை, தடுமாறிப்போய் வரப்பில் மோதி இடது இறக்கை நடுவில் முறிந்தது. முறிந்தது என்றால் எனக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் மூங்கில் பத்தை சீவி, முட்டை வெள்ளையில் துணியை நனைத்து, இருபத்திரண்டு வருஷமாக மனுஷர்களுக்குக் கட்டுகிற அதே கட்டை அந்த இறக்கைக்குக் கட்டினேன். அசைக்காமல் அலமாரிமேல் வேறு வைத்தேன். கல் மாதிரி ஆனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் விட்டால் அப்படியே இடது பக்கம் சாய்ந்து, சுற்றிக்கொண்டு போய்க் களத்து மேட்டில் விழுந்தது. உன் நைனா வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், இன்னாடி, ஆஸ்பத்திரிக்கு வந்த பேஷண்ட்ட பறக்க வுட்டுக்கினு கீற என்கிறார். அழுகை வந்துவிட்டது எனக்கு. தோற்றது பிளேன் இல்லை, நீ வருவது தோற்றது என்று தோன்றியது.

இரண்டு நாள் கழித்து வைத்தியசாலையில் ஒரு அம்மாவுக்குக் கட்டு அவிழ்க்கும்போதுதான் புத்திக்கு எட்டியது. எலும்பு தானாகக் கூடிவிடும், கூடினதும் கட்டை எடுத்துவிடுகிறோம். மரம் கூடுமா? நான் கட்டின கட்டு அந்த இறக்கையிலேயே கிடந்து கீழே இழுத்திருக்கிறது. உடனே சம்பத் கடைப் பக்கத்து நகைக்கடையில் கேட்டு, தராசில் வைத்துப் பார்த்தேன். வலது இறக்கையைவிடக் கட்டுப் போட்ட இடது இறக்கை முப்பது கிராம் அதிகம். காகிதம்போல இருக்கிற பொருளுக்கு முப்பது கிராம் பாரம் என்றால் யோசித்துப் பார். அந்தக் கட்டு முழுவதையும் அறுத்து எறிந்தேன். முறிந்த இடத்தில் பத்தைக்குப் பதிலாக மெல்லிய பால்சாக் குச்சி மட்டும் ஒட்டி, காகிதம் புதிதாக ஒட்டினேன். பிறகு எங்கள் வைத்தியசாலையில் கை நேராகிவிட்டதா என்று பார்க்க இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் இல்லையா, அதே மாதிரி பிளேனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து இரண்டு இறக்கையையும் பார்த்தேன். இடது இறக்கையின் ஓரம் ஒரு நூல் அளவு முறுக்கிக்கொண்டிருந்தது. ஆவி காட்டி நிமிர்த்தினேன். கடைசியாக இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கி, மூக்கு லேசாகக் குனிகிற வரைக்கும் பேட்டரியை முன்னே தள்ளித் தள்ளி வைத்தேன். இனி இது பறக்காவிட்டால் பெட்டியோடு உனக்குப் பார்சல் அனுப்பிவிடுவது என்று முடிவு.

போன ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் அதே வயலுக்குப் போனோம். காற்றே இல்லை. சம்பத் வீடியோ எடுக்கிறேன் என்று போனைத் தூக்கிக்கொண்டு நின்றார். பிளேனைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பறக்கவிடுவது உன் நைனா, ரிமோட் நான். அவர் பத்தடி ஓடிக் கையை விட்டார், அது ஒரு தாழ்வு தாழ்ந்தது, பிறகு எழும்பியது நந்து. வேலி, புளியமரம் எல்லாவற்றுக்கும் மேலே போயிற்று. வலது பக்கம் திருப்பினேன், திரும்பியது. இடது பக்கம் திருப்பினேன், திரும்பியது. சொன்ன சொல் கேட்டது. நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, மோட்டாரை அணைத்து, பரப்பிக் கிடந்த வைக்கோல்மேல் முழுசாக இறக்கினேன். ஒரு குச்சிகூட முறியவில்லை.

வீடியோ எங்கே என்று கேட்பாய். இல்லை. சம்பத் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்ததில் பட்டனை அழுத்தவே மறந்துவிட்டார். நான் இன்னொரு தடவை விட்டு எடுத்து அனுப்பியிருக்கலாம், பேட்டரியில் சார்ஜும் இருந்தது. ஆனால் அனுப்ப மாட்டேன். பார்க்க வேண்டும் என்றால் நேரில் வா. தெருவுக்குப் பயந்தாயானால் ஒன்று கேட்டுக்கொள். இரண்டு வருஷமாக என்னைப் பார்த்தால் உன்னைப் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது பால் வாங்கப் போனால் செங்கம்மா, ஏ பிளேன்காரம்மா, இன்னாச்சு உன் பிளேனு என்கிறாள். கறிகாய்க்காரர் முதற்கொண்டு அதையேதான் கேட்கிறார்கள். ஐம்பத்தேழு வயதில் வயலில் பொம்மை விடுகிறவள் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பேச ஒன்று வேண்டும் என்றால் என்னைப் பேசிக்கொள்ளட்டும், நீ தலை நிமிர்ந்து நடந்து வா.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை உன் நைனாவிடமிருந்து உனக்கு ஒரு மிஸ்டு கால் வந்தது இல்லையா. நீ திரும்பப் பண்ணியதற்குத் தெரியாம கை பட்டுடுச்சு என்று சொல்லி வைத்துவிட்டாராமே. அது பொய். பிளேன் புளியமரத்துக்கு மேலே போன நேரத்தில் நான் ரிமோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, காதில்தான் கேட்டது. அந்த மனுஷன் செருப்பை விட்டுவிட்டு வயலில் ஓடிக்கொண்டே போனைக் காதில் வைத்து, எடு நந்து, எடுமா, உன் பிளேனு மேல போய்க்கினு கீது, சீக்கிரம் எடுமா என்று கத்திக்கொண்டிருந்தார்.

மாங்காய் பழுக்க மே மாதம் ஆகும். வரும்போது பிளேன் மூக்கில் சுற்றுகிற ஆறு அங்குல விசிறி இரண்டு வாங்கிவா, இங்கே கிடைப்பது எளிதில் உடைகிறது. பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. சாமி உன் பக்கம் இருக்கும், என் ஆசீர்வாதம் எப்போதும் இருக்கும். டிக்கெட் போட்டதும் எனக்குச் சொல்லாதே, உன் நைனாவுக்குப் போன் பண்ணிச் சொல்.

உன் அம்மா
தாட்சாயணி முனிரத்தினம்