வாசலும் வாசலும் பார்க்காத அறைகள்

இன்று காலை அச்சகத்திலிருந்து புதுப் பட்டாசுக்கான லேபிள் வந்தது. மை வாடை இன்னும் போகவில்லை. பெயர் 'ஜிக்ஜாக்'. கொளுத்தினால் தரையில் இப்படியும் அப்படியுமாக வெட்டி வெட்டி ஓடுமாம். ஆர்டர் கொடுத்தவர் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவைக்க, அகராதியைப் புரட்டினேன். உன் நினைவு வந்தது.

மலைப்பாதை, மின்னல், தையல், குடித்துவிட்டு வீடு திரும்புகிறவனின் நடை, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். ஜெர்மன்காரர்களிடமிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனதாம். பல்லைப் போலத் துருத்தும் முனைக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையில் பிறந்திருக்கலாம் என்கிறார்கள். அடித்துச் சொல்ல ஆளில்லை. அந்தக் காலத்தில் கோட்டையை முற்றுகையிட்ட படைகள், பதுங்கிப் போகும் பள்ளத்தைத் திருப்பித் திருப்பி வெட்டுமாம். நேராக வெட்டினால் மேலிருந்து வரும் ஒரே குண்டு மொத்த வரிசையையும் சாய்த்துவிடும். அப்படிப்பட்ட பள்ளங்களுக்குத்தான் முதலில் இந்தப் பெயர். கொத்தனாரான நீ இதையெல்லாம் படித்தவனில்லை.

அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு மருந்து அறைகள் கட்டினோமே. நான் சூப்பர்வைசர். எதிரெதிரே இரண்டு வரிசை. வாசலுக்கு நேர் வாசல் வருமாறு சுண்ணாம்புப் பொடியால் நானே கோடு போட்டிருந்தேன். நீ வந்து காலாலேயே அழித்தாய்.

"வாசலும் வாசலும் மொகம் பாக்கக்கூடாதுலே. ஒண்ணுல தீப் புடிச்சா நேரா எதுத்த ரூமுக்குள்ள பாயுமே, அங்க இருக்குறவுக எங்கன ஓடுவாக? சிக்சாக்காப் போடுவோம்."

முதலாளி வந்து பார்த்து, "கோணலாத் தெரியுமேப்பா" என்றார்.

"அழகு பாக்க வர்ற எடமா மொதலாளி இது?" என்றாய். அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. என் கோட்டை அழித்தவன் சொல் எடுபட்டுவிட்டதே! உன்னை அனுப்பிவிட்டு அவரிடம் சொன்னேன்: "கூலிக்காக வேலைய இழுக்கப் பாக்கான், மொதலாளி." அந்த அறைகளைக் கட்டி முடித்த பிறகு அவர் உனக்கு வேறு ஒரு வேலையும் தரவில்லை. ஏன் என்று நீ என்னிடம் கேட்கவும் இல்லை.

மஞ்சள் காமாலையில் நீ போன பிறகு உன் மனைவி வேலை கேட்டு வந்தாள். சேர்த்துவிட்டேன். போன சித்திரையில், எதிர் வரிசை அறை ஒன்றின் ஆட்கள் கஞ்சி குடிக்கப் போன நேரம், அங்கே கலந்து வைத்த மருந்து தானாகப் பிடித்துக்கொண்டது. வாசல் வழியே சீறிய தீ, எதிரே இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் பாய்ந்து வேலிக்கருவைப் புதரைக் கருக்கியது. அந்த இரண்டில் ஓர் அறையில்தான் உன் மனைவி திரி வெட்டிக்கொண்டிருந்தாள். பின்வாசல் வழியாக ஓடித் தப்பினாள். கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

மறுநாள் கேட்டாள்: "ஏண்ணே, இந்த ரூமுகள மட்டும் யாரு இப்படித் தள்ளித் தள்ளிக் கட்டுனது?"

"ஒன் வீட்டுக்காரன்தான் தாயி" என்றேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்புட்டு நல்லாக் கட்டுன மனுசனுக்கு அப்பறம் ஏண்ணே இங்க வேலையே குடுக்கல?" என்றாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன். தினமும் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் அவள் உள்ளே போகிறாள்.