சுவருக்கு அந்தப் பக்கம் பூத்தது

அன்புள்ள குட்டிக்கு,

நானும் அப்பாவும் சுகம்தான், அப்பாவுக்கு மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முழங்கால் வலி வந்துவிடுகிறது. உனக்கு இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மூன்று வாரமாகப் போனில் ஒன்று சொல்லப் பார்க்கிறேன், உன் குரலைக் கேட்டதும் இருமலை மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கொடி ரோஜா விஷயம். வேலைக்குப் போகும் முன் ஒரு குச்சியாக நட்டுவிட்டுப் போனாயே, எந்த வெயிலுக்கும் அசராமல் சுவர் ஏறி, போன வருஷம் கொத்துக் கொத்தாக ரோஸ் நிறத்தில் பூத்துத் தெருமுனை வரை மணந்ததே, அது இந்த வருஷம் ஒரு மொட்டுகூட விடவில்லை என்று உன்னிடம் அழுதேன். பக்கத்து வீட்டுத் தையலக்கா சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிட்டார், வெள்ளையாக ஊற்றியதை என் கண்ணால் பார்த்தேன் என்று உன்னிடமும் சொன்னேன், தண்ணீர் கேன் போடுபவரிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். நீயும் அம்மா பேச்சை நம்பி உன் தையல் அத்தைக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டாய். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பூக்கும் காலத்துக்கு முன்னால் பழைய கிளைகள் முரடாக இருக்கின்றன என்று, தொட்டி ரோஜாவை வெட்டுவது போல முழங்கால் உயரத்துக்கு எல்லாவற்றையும் ஒட்ட வெட்டியது நான். அப்பா அப்போதே இவ்வளவு வேணுமா, பார்த்துச் செய் என்றார். தாவரவியல் படிச்சது நீங்களா நானா என்று அவர் வாயை அடைத்தேன்.

போன மாதம் துணிக்கொடியில் காயப்போட்ட அப்பாவின் துண்டு காற்றில் சுவர் தாண்டி விழுந்துவிட்டது. எடுக்க ஸ்டூல் போட்டு எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் முழுக்கப் பூ. சுவரடி விரிசல் வழியாக அந்தப் பக்கம் புகுந்து ஏறியிருந்த நம் ரோஜாவின் ஒரே ஒரு பழைய கிளை, தைத்து மிஞ்சிய துணிக்கீற்றுகளால் ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தது. தையலக்கா மெஷினை நிறுத்தாமலே, என்னம்மா படிச்ச பொண்ணு, இது பழைய கிளையிலதான் பூக்கும், அதைத்தான் நீ வெட்டிப் போட்ட, இது ஒண்ணுதான் உன் கத்தரிக்கு எட்டல என்றார். நான் ஊத்தினது அரிசி கழுவின தண்ணி, அதைப் போய் ஊரெல்லாம் சோப்புன்னியே என்றும் சொன்னார். முன்னாடியே சொல்லக் கூடாதா என்று முனகினேன். நீ எங்க பேசவிட்ட என்றார். துண்டைக்கூட வாங்காமல் இறங்கிவிட்டேன்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னை மடியில் போட்டுக்கொண்டு அவர் மெஷின் மிதித்ததால்தானே நான் போய் அந்தத் தாவரவியல் பரீட்சையை எழுதினேன். இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அதை விடு, குட்டி ஏன் இப்பல்லாம் பேசுறதில்ல, உடம்பு கிடம்பு சரியில்லையா என்றுதான் கேட்டார். உனக்கு வேலை அதிகம் என்று அங்கேயும் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

இதைப் படித்ததும் அவருக்குப் போன் செய். அம்மா சொன்னதை நம்பித்தான் பேசாமல் இருந்தேன் என்று சொல். வேலை அதிகம் என்று சொல்லி என்னைக் காப்பாற்றாதே. வெட்டின இடத்தில் புதுத் தளிர் நீளமாக வருகிறது, அடுத்த வருஷம்தான் பூக்குமாம். கத்தரியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. முதலில் அங்கே போன் செய், அப்புறம் எனக்கு.

உன் அம்மா,
தாவரவியல் படித்தவள்