நூல் இழுத்த தீக்குச்சி

லீங்மோ பண்ணை, தென் நார்வே
ஜூலைக் கடைசி, 1964

அன்புள்ள ஹால்வருக்கு,

நானும் சிக்னேயும் நலம். உன் கப்பல் ஆன்ட்வெர்ப் போய்ச் சேருவதற்குள் இந்தக் கடிதம் அங்கே காத்திருக்க வேண்டும் என்று தபால்காரரைப் படாதபாடு படுத்திவிட்டேன். சிக்னேவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வரும்வரை சிரிக்கமாட்டேன் என்று சபதம் போட்டாள், மதியத்துக்குள் மறந்துவிட்டாள். இதுதான் உன் கடைசிப் பயணம், இனி அப்பாவுக்குத் தேனீ வேலைதான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். உருளைக்கிழங்கு பரவாயில்லை. மழைதான் விட்டபாடில்லை.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. மனிதர்களுக்கு ஒன்றுமில்லை. தேனீக்களுக்குத்தான்.

மேட்டில் ஹீதர்ப் புதர்கள் பூக்கத் தொடங்கிவிட்டன. அந்தப் பூத்தேனுக்காக ஊர்த் தேனீப் பெட்டிகளையெல்லாம் லாரிக்காரன் கிறிஸ்டென் அங்கே ஏற்றிப் போவதற்கு முன், நம்முடையதை ஒருமுறை திறந்து பார்த்தேன். தேனீப் புழு இருக்கும் அறைகளின் மூடிகள் உள்வாங்கி, கருத்து, ஓட்டை விழுந்திருந்தன. தச்சர் காய்ச்சும் வஜ்ரப் பசை போல ஒரு வாடை. தீக்குச்சியை உள்ளே விட்டு இழுத்தேன். வெள்ளையாகப் புழு வரவேண்டிய இடத்தில் காப்பி நிறத்தில் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. எதற்குப் பயந்தோமோ அதே அழுகல் நோய். அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பேசாமல் மூடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் மேட்டில் எல்லார் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஊருக்கே கொள்ளி வைக்க மனசு வரவில்லை. தேனீ ஆய்வாளர் தூவேவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அவர் வந்து பார்த்தார். சுவருக்கு அந்தப்பக்கம் ஓட்னி அக்காவின் பெட்டிகளையும் திறந்தார். நம்மிடம் மூன்றில்தான் நோய். அக்காவிடம் ஒன்றுகூடத் தப்பவில்லை. புருஷன் போன பிறகு அந்தத் தேனில்தான் அவர் அடுப்பு எரிகிறது, உனக்குத் தெரியாததா. தூவே அவரிடம், "வெளிநாட்டுத் தேன் ஏதாச்சும் பெட்டிப் பக்கம் வெச்சீங்களா?" என்று கேட்டார். சில தேன்களில் நோயின் விதை உறங்கிக் கிடக்குமாம். நாம் தின்றால் ஒன்றும் செய்யாதாம். தேனீக் குஞ்சுகளைத்தான் கொல்லுமாம். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "என் வீட்டுக்கு வெளியிலருந்து வந்தது மழை ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டார்.

ஈஸ்டருக்கு நீ கொண்டுவந்தாயே, கிளிப் படம் போட்ட தேன் டப்பா? சிக்னே முகத்தைச் சுளித்ததும், வாஃபிள் அப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளட்டும் என்று அதை அக்காவிடம் கொடுத்தேன். தேன் டப்பாவை இங்கே யார் கழுவி ஊற்றுகிறார்கள்? வழித்துத் தின்ற பிறகு, மிச்சத்தைத் தேனீ நக்கட்டும் என்று பெட்டிக்கு முன்னால் சாய்த்து வைப்பதுதானே நம் சிக்கனம். அக்காவும் வைத்திருக்கிறார். நடுவில் இருப்பது இடுப்பளவு கல்சுவர். நம் தேனீக்கள் விருந்துக்கு அழைப்பா கேட்கும்?

லாரிப் பயணம் நின்றுபோனதும் ஊர்வாய் திறந்துகொண்டது. கடையில் கிறிஸ்டென், "அந்தம்மா பெட்டியைத் துடைச்சே பத்து வருஷம் இருக்கும், நோய் வராம பூவா பூக்கும்?" என்று எல்லாரும் சிரிக்கும்படி சொன்னான். நான் மாவை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அந்தக் கிளி டப்பா பொத்தான்களோடு ஜன்னலில் இருந்தது. ஏன் அக்கா மறைத்தீர்கள் என்று கேட்டேன். "கடல்ல கிடக்கிறவன் தலையில எதுக்குடி இந்தப் பாரம்? பிள்ளைக்குன்னு ஆசையா வாங்கிட்டு வந்தான். என்னை நாலு பேரு பேசினா பேசிட்டுப் போறாங்க, நான் என்ன கல்யாணத்துக்கா நிக்கிறேன்?" என்று காப்பியை ஊற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பொத்தான்களை மேஜையில் கொட்டிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். கிறிஸ்டென் முன்னாலேயே வைத்து, இது எங்கள் வீட்டு டப்பா, இனி பேசுவதானால் என் வாசலில் வந்து பேசு என்று சொன்னேன். தூவேவிடமும் சொல்லிவிட்டேன். ஆகவே ஊருக்கு இப்போது தெரியும், ஹால்வர். வேறு யார் வாயாலும் உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். உன்மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. ஆசையில் என்ன குற்றம்?

சட்டப்படி ஒன்றில் வந்தாலும் மொத்தமும் எரிய வேண்டும். நாளை மாலை, தேனீக்கள் கூடு அடைந்த பிறகு. அக்காவின் தோட்டம் பாறை என்பதால், இரு வீட்டுக்கும் நம் கொட்டகைக்குப் பின்னால் ஒரே குழி. கிறிஸ்டென்தான் வந்து வெட்டிக் கொடுத்தான். டப்பாவும் அதில்தான் போகிறது. அடுத்த வசந்தத்தில் தன் தம்பியிடமிருந்து ஒரு தேனீக் கூட்டம் வாங்கித் தருவதாக அக்கா சொல்கிறார். ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது, எனக்கும் தெரியும்.

ஆன்ட்வெர்ப்பில் கேப்டன் அடுத்த பயணத்துக்கு ஒப்பந்தத் தாளை நீட்டுவார். போனதை ஈடுகட்ட வேண்டுமே என்று உன் கை பேனாவைத் தேடும். உன்னை எனக்குத் தெரியும். நாளைய நெருப்பைவிட எனக்கு அதுதான் பயம்.

கடவுள் உன்னைக் கடலில் காக்கட்டும். இந்த முறை தேன் வேண்டாம், பொம்மை வேண்டாம், எங்களுக்கென்று எதுவும் தேடாதே. வெறுங்கையோடு வா.

உன்,
ராக்னா