என் பங்குக்கு வந்த ஜுஸ்வு

கோட்டையூர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பர்வீன் பானுவுக்கு உன் அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகம். கோலாலம்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்ல நா எழவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இங்கே இரண்டு நாளாக நல்ல மழை. முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறிவிட்டது, மரத்துப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது. முழங்கால் வலி அப்படியேதான், அதற்காக நீ மாத்திரை அனுப்ப வேண்டாம். உன் அம்மா மவுத்தாகி வருசம் திரும்புகிறது. நாற்பதாம் நாள் குர்ஆன் முழுக்க ஓதி முடித்த கத்தத்துக்குப் பள்ளிவாசல் ஹஜரத்தும் ஓதுகிற பிள்ளைகளும் சொந்தபந்தமும் வந்து வீடு கொள்ளவில்லை. வாசலில் கிடந்த செருப்பில் யார் செருப்பு யார் காலில் போனதோ, உன் சின்னம்மா வெறுங்காலோடு பஸ் ஏறினாள். இந்த வருசம் அந்தத் தொல்லை இல்லை. குர்ஆனின் முப்பது ஜுஸ்வையும் ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் நீ அனுப்பினாய். ஓதி முடித்தவர் சொன்னால் சார்ஜாவிலிருந்து உன் சின்னம்மா மகன் அன்வர் சாதிக் அவர் பெயருக்கு நேரே பச்சைக் குறி போடுகிறான். குறை சொல்லவில்லை அம்மா. திருப்பத்தூர் தாண்டாத உன் அம்மா லத்தீபாவுக்குச் சார்ஜாவிலும் கனடாவிலும் உட்கார்ந்து ஓதுகிறார்கள் என்றால் அது அவள் கொடுப்பினை. அவளைப் பார்த்தேயிராத ஒருவர் ஆறாவது ஜுஸ்வை முதல் நாளே முடித்துவிட்டார். இன்னொருவர் தினமும் காலையில் ரோஜாப்பூ படம் போடுகிறார், அவள் இருந்தால் இவக யாரு என்னத்துக்குப் பூப் போடுறாக என்று என்னைத்தான் குடைந்திருப்பாள். பக்கத்து வீட்டுச் சேவுகன் வந்து, என்ன பாய் இந்த வருசம் நெய்ச்சோறு வாசனையே காணோமே என்றார். எல்லாம் போனிலேயே ஓதுகிறோம் என்றேன். அப்பச் சோறும் போன்லயே வந்துருமா பாய் என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது.

விசயத்துக்கு வருகிறேன். எல்லாருக்கும் பச்சை விழுந்துவிட்டது, என் பங்குக்கு வந்த பதினேழாவது ஜுஸ்வு மட்டும் பாக்கி. என்னால்தான் எல்லாரும் சேர்ந்து கேட்கிற கடைசி துஆவும் தள்ளிப்போகிறது. முதலில் நீ வெள்ளிக்கு வெள்ளிதான் பேசுவாய், அதுவும் அடுப்பில் கறியைப் போட்டுவிட்டு. இப்போது தினமும் கூப்பிட்டு, அத்தா முடிச்சிட்டீகளா என்று கேட்கிறாய். கண்ணாடி சரியில்லை என்றேன், எழுத்தைப் பெரிசாக்கும் வித்தையைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய். இருமல் என்றேன், சுக்குக் காப்பி குடிச்சீகளா என்று மறுநாளும் மறக்காமல் கேட்டாய். முடியலைன்னா வேற ஆளுக்கு மாத்தி விட்டுறவா அத்தா என்றாயே, அன்றைக்குத்தான் பயந்துபோனேன். வேண்டாம் வேண்டாம் என்றதும், சரி நானும் கூட ஓதுறேன் என்று போனிலேயே என்னோடு ஒரு பக்கம் ஓதினாய். மூச்சு வாங்கி நிறுத்துகிற இடமெல்லாம் உன் அம்மா நிறுத்துகிற இடம். போனை வைத்த பிறகு அழுதேன்.

அம்மா, அந்த ஜுஸ்வை நீ அனுப்பிய அன்றே ஓதி முடித்துவிட்டேன். முடிந்தது என்று சொல்லத்தான் மனம் வரவில்லை. சொன்னால் நீ தினமும் கூப்பிட மாட்டாய். அவளுக்குப் போய்ச் சேர வேண்டிய நன்மையை நான் மறித்து வைத்திருக்கிறேனோ என்று மனது அடித்துக்கொள்கிறது. ஓதினது அவளுக்குச் சேர்ந்திருக்கும், என் கள்ளத்தனமும் அவளுக்குத் தெரிந்திருக்கும். உன்னிடம்தான் மறைத்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் முடிந்ததென்று சொல்லிவிடுவேன், துஆவை வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். பிள்ளைகளை மழையில் நனைய விடாதே. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் குறையாத பரக்கத்தும் தருவானாக. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் பச்சை விழுந்து, தினமும் வருகிற உன் போனும் நின்றிருக்கும். என்னிடம் கேட்க உனக்கு ஒன்றும் பாக்கி இருக்காது. இருந்தாலும் கூப்பிடு அம்மா.

உன் வழி பார்த்திருக்கும் அத்தா,
மீரான் சாகிபு